மனநிறைவு தரமாகுமா? தஞ்சைப் பெரிய கோயிலை முன்வைத்து

பண்பாட்டுச் சுற்றுலாவின் தரத்தைப் பயணியின் மனநிறைவைக் கொண்டு அளப்பது இன்று வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்துக்குப் பெரிதும் துணைநிற்பது, பரசுராமன், சைத்தாமல், பெர்ரி மூவரும் 1988-இல் வெளியிட்ட ‘சர்வ்குவால்’ அளவுகோல். வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் உள்ள இடைவெளியே சேவையின் தரம் என்பது அதன் சாரம். வங்கிக்கு இது பொருந்தும். அங்கு வருபவருக்குத் தம் தேவை என்னவென்று தெரியும். ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள கோயிலுக்குள் நுழைபவருக்கோ அங்கே என்ன இருக்கிறது என்பதே தெரியாது. தெரியாததை எதிர்பார்க்க முடியாது; அது கிடைக்காமற்போனால் குறைசொல்லவும் வழியில்லை.

1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற தஞ்சைப் பெரிய கோயில் இதற்குத் தக்க சான்று. விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்ற இரு செய்திகளைக் கேட்டு வியந்து திரும்புவோர் ஏராளம். நிழல் நாள்தோறும் தரையில் விழுகிறது. உச்சிக்கல் பல கற்களின் இணைப்பு என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். அந்த வியப்பு நடக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, கோயிலின் கற்களில் வேறொரு செய்தி இருக்கிறது. தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு, கோயிலை எழுப்பிய சோழ அரசன் இராசராசன் ஆணையிட்டான். அதன்படி, பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்து குடியேறிய ஏறத்தாழ நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரின்) பெயர், ஊர், குடியிருந்த தெருச்சிறகு, வீட்டு வரிசை எண், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற பங்கு வரை அங்கே பதிவாகியுள்ளன. ஒரு நகரத்தின் தெருக்கணக்கே கண்ணெதிரில் கிடக்கிறது. அதைக் கடந்துபோகும் பயணிக்கு மனக்குறை ஏதும் இல்லை. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களின் நிலையும் இதுவே. பொதுமக்கள் அங்கே செல்ல இயலாது. இருப்பதே தெரியாதவருக்கு அது இழப்பாகவும் படுவதில்லை. ஆக, பொய்யான செய்தியாலும் நிறைவு பிறக்கிறது. பெரிய இழப்பாலும் அது குறைவதில்லை. இப்படிப்பட்ட ஒன்றைத் தரத்தின் அளவாகக் கொள்வது எங்ஙனம்?

சுற்றுலா வருபவர் மாணவர் அல்லர், மகிழ வந்தவரைப் பாடம் படிக்கச் சொல்வது முறையா என்று கேட்கலாம். தெளிவான விளக்கம் மகிழ்ச்சியைக் கெடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. வீட்டு எண்ணோடு ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டவர் எண்பது டன் கணக்கைவிட அதையே நினைவில் வைத்திருக்கக்கூடும். வழிபட வருவோர்க்குக் கல்வெட்டு எதற்கு என்பது இதைவிட வலுவான தடை. அவர்களுடைய நிறைவை அளக்க ஆய்வாளருக்கு உரிமையில்லை என்பதை ஒப்புகிறேன். எனினும் கல்லில் வெட்டச் சொன்னவன் அரசன். அது பிறர் அறிவதற்காகவே. நிழல் விழாக் கதையும் மரபுதானே என்பாருக்கு: மரபுதான், கதை என்று சொல்லிச் சொன்னால். குடிநீர், கழிவறை, நிழற்கூரை ஆகியவை வேண்டாம் என்பதும் என் வாதமன்று. அவை இல்லாவிட்டால் குறை எழும். இருப்பதனால் மட்டும் கோயில் புரிந்துவிடாது.

எனவே கருத்துக் கணிப்புப் படிவங்களில், நிறைவா என்ற கேள்விக்குப் பக்கத்தில், பார்த்தது என்ன என்ற கேள்வியும் இடம்பெற வேண்டும். தஞ்சையில் அதற்கு நீண்ட வினாத்தாள் தேவையில்லை. வெளியே வருபவரிடம் விமானத்தின் நிழல் தரையில் விழுமா என்று கேட்டாலே போதும்.