ஏகாம்ர நிவாஸ் வீட்டு மேசான்கள்

கள்ளக்குறிச்சியில் தமிழ் கற்பிக்கும் நாம் இயற்பியலுக்குள் சொல்லின் வழியாகவே நுழைய முடியும். எலக்ட்ரானைவிடக் கனமும் புரோட்டானைவிட இலேசுமான துகளொன்று 1930களில் அண்டக்கதிர்களில் அகப்பட்டபோது அதனை ‘மெசோட்ரான்’ என்றனர். 1939இல் ஹோமி பாபா அதனை மறுத்தார். ‘நடு’ எனப் பொருள்படும் கிரேக்க வேரில் ‘ட்ர’ ஒலிக்கு இடமில்லை, ஆகவே ‘மேசான்’ போதும் என்றார். பகுதி விகுதி பிரித்துப் பழகிய நமக்கு இவ்வாதம் இனிக்கிறது. (அத்துகள் மேசானே அன்று, மியூவான் என்பது பின்னர்த் தெளிந்தது. கல்வராயன் மலையில் கையை விரித்து நின்றால், நொடிக்கு ஒன்றேனும் உள்ளங்கையை ஊடுருவிச் செல்லும்.)

உண்மை மேசானாகிய பையான் 1947இல் வெளிப்பட்டது. அதனை ஒளியைக் கொண்டே உண்டாக்கலாம் என்பதை அமெரிக்காவின் பெர்க்கிலியில் காட்டினர். விரைந்தோடும் எலக்ட்ரான்களை உலோகத்தில் மோதவிட்டால் ஆற்றல்மிக்க ஒளித்துகள்கள் கற்றையாய்ப் புறப்படும்; அவை அணுக்கருவில் பாய்ந்தால் பையான் பிறக்கும். மின்னூட்டமற்ற பையானை 1950இல் இவ்வாறே உறுதிசெய்தனர்.

சென்னையில் அத்தகைய கருவி இல்லை. மயிலாப்பூரில் அரசியலமைப்பு வரைவுக்குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் ‘ஏகாம்ர நிவாஸ்’ இருந்தது. அவர் மகனும் பாபாவிடம் பயின்றவருமான அல்லாடி இராமகிருஷ்ணன் அவ்வீட்டில் மாணவர்களைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்தினார். 1960இல் நீல்ஸ் போர் அங்கு வந்தார். 1962 சனவரி 3இல் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. இக்கதையைப் பலரும் சொல்லிவிட்டனர். அவ்வீட்டினர் எதைக் கணக்கிட்டனர் என்பதைத்தான் நாம் கேட்பதில்லை. விருந்தினர் பட்டியலையே வரலாறாகக் கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு.

1960களின் தொடக்கத்தில் இராமகிருஷ்ணனும் அவர் மாணவர்கள் வி. தேவநாதன், ஜி. இராமச்சந்திரன் ஆகியோரும் எடுத்துக்கொண்ட சிக்கல்களுள் ஒன்று: ஒளித்துகள் டியூட்ரானைத் தாக்கி, அதனை உடைக்காமல், மின்னூட்டமற்ற பையானைப் பிறப்பித்தால் என்ன நிகழும்? தனி நியூட்ரானை இலக்காக நிறுத்த இயலாது. சில நிமிடங்களில் அது சிதைந்துவிடும். புரோட்டானும் நியூட்ரானும் தளர்வாகப் பிணைந்த டியூட்ரானே அதற்கு மாற்று. பையான் இவ்விரண்டில் எதிலிருந்து பிறந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிலேடையில் இரு பொருளும் ஒருங்கே நிற்பதுபோல இரண்டின் பங்கையும் முதலில் கூட்டி, அதன் பின்னரே இருமடியாக்க வேண்டும். அக்கூட்டலில் நியூட்ரானின் பங்கு புரோட்டானோடு இசைகிறதா முரண்படுகிறதா என்பதை விளைவு காட்டிக்கொடுக்கும். கற்றை கடல்கடந்து இருந்தது. இங்கே தாளும் சுண்ணக்கட்டியும்தான்.

தேவநாதன் பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இத்துறையைத் தொடர்ந்தார். ஒளிக்கற்றையால் மேசான்களைப் பிறப்பித்து ஆராயும் பணி அமெரிக்காவின் ஜெபர்சன் ஆய்வகத்தில் ‘குளூஎக்ஸ்’ என்னும் பெயரில் நடைபெறுகிறது.