சுண்டுவிரலைத் தேடி வந்த இலை

மரிக்கொழுந்துக்கும் மாசிபத்திரிக்கும் நெருங்கிய உறவான ஒரு செடியைச் சீனர்கள் ‘ஐ’ என்கிறார்கள். ஹூபெய் மாகாணத்தின் சீச்சுன் பகுதியில் விளையும் இலைக்கு மதிப்பு அதிகம். மருந்துநூல் எழுதிப் புகழ்பெற்ற லீ ஷிஜெனுக்கும் அதுதான் ஊர். கோடைத் தொடக்கத்தில் இலையைப் பறித்து உலர்த்தி, பழையதாகும்வரை காத்திருந்து, இடித்துச் சலிப்பார்கள். காம்பும் தூளும் உதிர்ந்து, மெல்லிய பஞ்சு மிஞ்சும். அதைக் காகிதத்தில் இறுகச் சுருட்டினால் மாக்ஸா குச்சி. பற்றவைத்து உடலுக்குச் சூடு காட்டுவார்கள்.

கி.மு. 168இல் மூடப்பட்ட மவாங்துய் கல்லறை 1973இல் திறக்கப்பட்டபோது வெளிவந்த பட்டுச் சுவடிகளிலேயே இந்தச் சூட்டு மருத்துவம் இருக்கிறது. பஞ்சு கடல் கடந்தது வெகுகாலம் கழித்து. பதாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கீல்வாதத்தால் துடித்த டச்சுப் பாதிரியார் ஹெர்மன் புஷோஃபுக்கு ஆசியப் பெண் வைத்தியர் ஒருவர் இதை வைத்துச் சுட்டார். வலி போன கதையைப் பாதிரியார் நூலாக்கினார். 1676இல் அது லண்டனில் ஆங்கிலத்தில் வந்தது. மறு ஆண்டே லேவன்ஹூக் அந்தப் பஞ்சைத் தன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

இந்தியாவுக்கு அது வந்த வழி வேறு. 1938இல் மருத்துவர் கோட்னிஸுடன் சீனம் சென்ற மருத்துவக் குழுவில் இருந்த பிஜோய் குமார் பாசு, 1958இல் மீண்டும் போய் அக்குபங்சர் கற்றுக் கல்கத்தாவுக்குத் திரும்பினார். ஊசியோடு குச்சியும் மெல்லமெல்ல நம் நகரங்களுக்கு வந்தது.

“இன்னும் குழந்தை திரும்பலை” என்று கர்ப்பிணியிடம் ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்வார்களே, அந்தக் கவலைக்கும் இதே குச்சிதான். காலின் சுண்டுவிரல் நகத்தின் வெளிமூலையில் ‘ஜீயின்’ என்றொரு புள்ளி. பற்றவைத்த குச்சியை அதன் அருகே, தோலில் படாமல், பொறுக்கும் சூட்டில் பிடிப்பார்கள். இருபக்கமும் சுமார் பதினைந்து நிமிடம், ஒன்றிரண்டு வாரம். 1998இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான சீன ஆய்வில் 260 தலைப்பிரசவப் பெண்கள் இருந்தார்கள். குச்சி பிடித்த 130 பேரில் 98 பேருக்கு 35ஆம் வாரத்தில் குழந்தையின் தலை கீழே வந்திருந்தது. மற்ற 130 பேரில் 62 பேருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 2005இல் வெளியான இத்தாலிய ஆய்வில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. பலர் சிகிச்சையைத் தொடராததால் 123 பேரோடு அது நிறுத்தப்பட்டது. 2023இல் காக்ரேன் அமைப்பு 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது இது: வழக்கமான கவனிப்போடு சேர்ந்தால் குழந்தை திரும்பாமல் இருப்பதை ஓரளவு குறைக்கலாம், சிசேரியன் எண்ணிக்கையில் பெரிய மாற்றமில்லை. இலைக்கு இதைவிடப் பெரிய பெருமை தேட வேண்டியதில்லை. இவ்வளவு நேர்மையாகச் சோதிக்கப்பட்ட பழைய மருந்துகள் எத்தனை இருக்கின்றன?

இந்தக் கதையைக் கௌதள்ளியில் வைத்து நினைக்கும்போது எனக்கு ஒரு பயம் வருகிறது. கர்நாடகத்தில், கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் சாலையில் இருக்கும் ஊர் அது. கொள்ளேகால் வட்டாரம் 1956 வரை கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. தமிழும் கன்னடமும் அங்கே ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். வாட்ஸப்பில் வரும் அரைகுறைச் சேதி இரண்டு மொழியிலும் பரவும். நம் கிராமங்களில் சூடுபோடும் வழக்கம் இருந்திருக்கிறது; பச்சைக்குழந்தைக்கே கம்பியைக் காய்ச்சி வைத்திருக்கிறார்கள். ‘விரலில் சூடு வைத்தால் குழந்தை திரும்பும்’ என்று யாராவது கேள்விப்பட்டால், குச்சி கம்பியாகிவிடும். இந்தக் குச்சி முறையில் தோல் புண்ணாகவே கூடாது. அதுவும் பழகியவர் கையால், மருத்துவருக்குத் தெரிந்தே நடக்கவேண்டும். நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், ரத்தப்போக்கு உள்ளவர்கள் பக்கம் அது போகவே கூடாது.

நிறைமாதத்தில் நூறில் மூன்று நான்கு குழந்தைகள் திரும்பாமலே இருக்கும். வயிற்றின்மேல் கைவைத்து மருத்துவர் திருப்பும் முறை ஒன்று உண்டு. 36, 37ஆம் வாரத்தில் செய்வார்கள், பாதிப்பேருக்குப் பலிக்கும். அதைச் செய்யும் இடத்தில் உடனே அறுவைக்கும் வசதி இருக்கவேண்டும். கௌதள்ளிப் பெண்ணுக்கு அது கொள்ளேகாலுக்கோ, சாமராஜநகருக்கோ, மைசூரின் செலுவாம்பா மருத்துவமனைக்கோ போகும் பயணம். ஆகவே 36ஆம் வாரத்திலேயே தலை எந்தப் பக்கம் என்பது தாயி கார்டில், அதாவது கர்ப்பிணியின் பதிவு அட்டையில், ஏறவேண்டும். கால் முன்னால் இருக்கும் குழந்தைக்குப் பனிக்குடம் உடைந்தால், தொப்புள்கொடி வழுக்கி முதலில் வெளியே வந்துவிடக்கூடும். அப்போது ஹனூர்வரைகூட நேரம் இருக்காது.