குறி தப்பிய ஒன்பது பிளென்ஹைம்கள்

ரெண்டாம் உலகப்போர்ல விமானந்தாங்கிக் கப்பல்னாலே பேர்ல் ஹார்பர், மிட்வேன்னுதான் பேசுவோம். நடுவுல நம்ம பக்கத்து இலங்கைக் கடல்ல நடந்ததை யாரும் கண்டுக்கறதில்லை. கடலே இல்லாத ஓசூர்க்காரன் நானாவது சொல்றேன்.

1942 ஏப்ரல் 9. காலையில் நகுமோவின் ஜப்பானியக் கப்பற்படை விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. கொழும்பு குதிரைப்பந்தயத் திடலை ஓடுபாதையாக்கியிருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 11-வது ஸ்குவாட்ரன், 11 பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களை அனுப்பியது. இரண்டு பாதியில் திரும்பிவிட்டன. மீதி ஒன்பதுக்கு ஃபைட்டர் துணைகூட இல்லை. விமானத்துக்கு மூணே பேர்.

ஜப்பான் கப்பல்கள்ல ரேடார் கிடையாது. குண்டு விழுந்த பிறகுதான் விமானம் வந்ததே தெரிஞ்சுது! ஆகாகி கப்பலைச் சுத்தி தண்ணிதான் எழும்புச்சு, ஒண்ணுகூடப் படலை. அப்புறம் ஜீரோ விமானங்கள் விரட்டின. ஐந்து பிளென்ஹைம்கள் திரும்பவேயில்லை.

ரெண்டே மாசத்துல மிட்வே. அங்கேயும் அமெரிக்க விமானங்கள் கண்ணுல படாமதான் மேலே வந்து நின்னுச்சு. இங்கே தப்பிச்ச ஆகாகி, சோர்யு, ஹிர்யு மூணும் அங்கே மூழ்கின. ஜப்பான் படிக்காம விட்ட பாடம் அது. அதுக்கு உயிரைக் கொடுத்தது இந்தப் பசங்கதான்.

கல்லறையே இல்லாம இந்தப் பக்கத்துக் கடல்ல போன விமானவீரர்களோட பேரெல்லாம் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னத்துல இருக்கு. சிங்கப்பூர் பதிவர்களே, அந்தப் பக்கம் போனா ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க.