பறித்த சலுகை, திருப்பித் தந்த சலுகை: இலங்கையும் ஐரோப்பிய ஒன்றியமும், 2005–2022

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. முள்ளிவாய்க்காலில் இலங்கைப் போர் முடிந்து 13 மாதங்களே ஆகியிருந்தன. அதே கோவையில், உக்கடத்திலிருந்து பேரூர் வழியாக மேற்கே போனால் வரும் பூலுவப்பட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. மாநாட்டு நாட்களில் கொழும்பு அரசின் முன் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடிதம் ஒன்று இருந்தது. 15 நிபந்தனைகளுக்கு எழுத்தில் உறுதி தந்தால், ஆடை ஏற்றுமதிக்கான வரிச்சலுகை இன்னும் ஆறு மாதம் நீளும் என்றது அது. அடக்குமுறை அரசை அசைப்பது தடையா, பேச்சா என்று கேட்கும் தமிழருக்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு சான்று கிடையாது.

ஜி.எஸ்.பி. பிளஸ் எனப்படும் அந்தச் சலுகை, ஆழிப்பேரலைக்குப் பின் 2005-இல் இலங்கைக்குக் கிடைத்தது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை முதலான 27 அனைத்துலக உடன்படிக்கைகளைக் கடைப்பிடிப்பதே அதற்கான நிபந்தனை. 2008 அக்டோபரில் ஒன்றியம் விசாரணை தொடங்கியபோது கொழும்பு ஒத்துழைக்க மறுத்தது. ஓராண்டு கழித்து வந்த அறிக்கை, குடிமை மற்றும் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடுப்பு, குழந்தை உரிமைகள் ஆகிய மூன்று உடன்படிக்கைகளும் நடைமுறையில் மீறப்பட்டதாகச் சொன்னது. ஜூன் கடிதத்தையும் ராஜபக்ச அரசு நிராகரித்தது. ஆகஸ்ட் 15-இல் சலுகை பறிபோனது. உயர் பதவி நியமனங்களில் சுதந்திரத்தை உறுதிப்படுத்தக் கேட்டிருந்தது கடிதம். செப்டம்பர் 8-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 18-ஆம் திருத்தமோ அதற்கு நேர் எதிராக அந்த நியமனங்களை அதிபரின் கைக்குள் கொண்டுவந்தது. இரண்டு முறைக்கு மேல் அதிபராகக் கூடாது என்ற வரம்பையும் நீக்கியது.

இந்தத் தண்டனையின் கனம் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்லாமலே புரியும். சலுகை போனபின் இலங்கை ஆடைக்கு ஐரோப்பாவில் 9.6 விழுக்காடு தீர்வை. திருப்பூர் பனியனும் அன்று அதே தீர்வையைக் கட்டித்தான் போனது. வங்கதேசத்துக்குத் தீர்வையே இல்லை. ஆர்டர் கைமாற அந்த வித்தியாசம் போதும். ஆனாலும் இலங்கையின் ஆடை, துணி ஏற்றுமதி 2011-இல் 400 கோடி டாலரைத் தாண்டியது. போர் வென்ற தெம்பும், சீனக் கடனும், 2009-இல் கிடைத்த பன்னாட்டு நிதியக் கடனும் அரசுக்கு முட்டுக்கொடுத்தன. நெருக்கடி வரும்போதெல்லாம் அது தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த கிராமத்துப் பெண்களின் வேலையைத்தான் முதலில் தொட்டது. இதைச் சொல்லாமல் தடையை ஆதரிப்பது நேர்மையாகாது.

அதற்காகப் பேச்சு நல்ல விளைச்சல் தந்தது என்று சொல்ல முடியுமா? 2009 மே 27-இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை அரசை மெச்சும் தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. அதில் இந்தியாவின் வாக்கும் ஒன்று. எந்த விலையும் கேட்காத பேச்சு அது. 2011 ஜூன் 8-இல் தமிழகச் சட்டமன்றம் இலங்கைமீது பொருளாதாரத் தடை கோரித் தீர்மானம் போட்டது. அந்தக் கோரிக்கைக்கு இந்திய வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு: 1946-இல் தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை முதலில் முறித்துக்கொண்ட நாடு இந்தியாதான். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழரின் வழிவந்தவர்களும் அதற்கு ஒரு காரணம். அங்கே நிறவெறி ஆட்சி முடிய 1994 ஆயிற்று. டெல்லியோ அதே மனித உரிமைகள் பேரவையில் 2012, 2013-இல் இலங்கைக்கு எதிராக வாக்களித்துவிட்டு 2014-இல் ஒதுங்கிக்கொண்டது.

2015 ஜனவரியில் ஆட்சியை மாற்றியவர்கள் இலங்கை வாக்காளர்கள். புதிய அரசு அக்டோபரில் மனித உரிமைகள் பேரவையின் ஜெனீவாத் தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கியது. 2016-இல் சலுகையை மீண்டும் கேட்டு விண்ணப்பித்தது. காணாமல் போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் இயற்றியது. 2017 மே 19-இல் சலுகை திரும்பியது. அன்று கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்து ஏறக்குறைய மூன்று மாதம் ஆகியிருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவதாகச் சொன்ன வாக்கும் அப்படியே கிடந்தது. சலுகையை முழுதாகக் கையில் கொடுத்தபோதே ஐரோப்பா தன் பிடியைத் தளர்த்திவிட்டது என்பது என் கணிப்பு.

அடுத்து வந்த கோட்டாபய அரசு 2020-இல் இணை அனுசரணையிலிருந்து விலகியது. 2021 ஜூன் 10-இல், சலுகையைத் தற்காலிகமாகப் பறிப்பது பற்றி ஆராயும்படி ஐரோப்பிய நாடாளுமன்றம் கேட்டது. ஜூன் 24-இல், விடுதலைப் புலிகளோடு தொடர்புபடுத்திச் சிறையில் வைக்கப்பட்டிருந்த 16 பேர் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். 2010-இல் சலுகையை இழந்தும் பணியாத கொழும்பு, 2021-இல் இழந்துவிடுவோமோ என்ற அச்சத்திலேயே அசைந்ததாகத்தான் இதைப் படிக்கிறேன். அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த காலம் அது. வேறு கதவுகள் அடைபட்டிருந்தன. பேச்சும் அப்போது நின்றுவிடவில்லை. இம்முறை அதன் மறுமுனையில் ஒரு விலை தொங்கியது.

2010-ஆம் ஆண்டுக் கடிதம் கேட்டவற்றில் ஒன்று, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கைக்குப் பொருந்தாத பிரிவுகளை நீக்குவது. 1979-இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து, 1982-இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. 2022 மார்ச்சில் அதைத் திருத்தினார்கள், நீக்கவில்லை.