தகடூர் வாசலில் ஒரு சீறியாழ்

யுகுலேலே பேஸ் என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. பார்த்தால் விளையாட்டுச் சாமான் போல இருக்கும். சாதாரண பேஸ் கிட்டாரில் தந்தியின் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். இதிலோ சுமார் 20, 21 அங்குலம்தான். ஆனால் சுருதி அதே அடித்தள சுருதி! தந்தி குட்டையானால் சுருதி ஏற வேண்டுமே? அதற்குத்தான் ரப்பர் போன்ற தடித்த, மெத்தென்ற தந்திகளைப் பூட்டுகிறார்கள். உடல் சிறியது என்பதால் சத்தம் குறைவு, அதை ஒலிபெருக்கி ஈடு செய்துவிடும். ஆள் உயரத்தையும் மிஞ்சும் டபுள் பேஸோடு பஸ் ஏற முடியுமா? இதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். வாங்குபவர்கள் பலர் காசு கொடுப்பது அந்த வசதிக்குத்தான்.

இந்தக் கணக்கு புதிதல்ல. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே, இன்றைய தருமபுரியான தகடூரின் அரண்மனை வாசலில் இதே கணக்கு பேசப்பட்டிருக்கிறது.

தகடூரை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் வெறும் இலக்கியப் பாத்திரம் அல்ல. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981-ல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அவன் கொடுத்த குகை உறைவிடத்தை அவன் பெயரோடு சொல்கிறது. அவனிடம் பரிசு பெற வந்தவர்களில் பாணர்கள் முக்கியமானவர்கள். பெரிய யாழை வாசித்தவர்கள் பெரும்பாணர், சிறிய யாழை வாசித்தவர்கள் சிறுபாணர். அந்தச் சிறிய யாழ்தான் சீறியாழ். அதற்கு ஏழு நரம்புகள் என்று கொள்வார்கள்.

யாழ் எப்படி இருந்தது? அடியில் பத்தர் என்ற குடம், அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல், வளைந்த கோடு, அதில் நரம்புகளை இறுக்கவும் தளர்த்தவும் திவவு என்ற வார்க்கட்டு. பத்தரைக் குளம்படித் தடத்துக்கும், அதில் அறைந்த ஆணியை நண்டின் கண்ணுக்கும் ஒப்பிடுகிறது பொருநராற்றுப்படை. கையில் பொருள் இல்லாதவனுக்கும் வழி இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன், உள்ளே துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, தானே வில்யாழ் செய்து வாசிக்கிறான். செலவு ஒன்றுமில்லை!

இனி வாசலுக்கு வருவோம். அதியமான் ஒருமுறை பரிசில் தராமல் காலம் தாழ்த்தினான். ஔவையாருக்குக் கோபம். வாயில் காவலனைப் பார்த்து அவர் பாடியது புறநானூறு 206-ஆம் பாட்டு. இசைக்கருவிகளைக் காவடித் தண்டில் மாட்டியாயிற்று, பையையும் கட்டியாயிற்று, எந்தத் திசைக்குப் போனாலும் அங்கே சோறு உண்டு என்பது அதன் கருத்து. கோடரியோடு காட்டுக்குப் போகும் கைதேர்ந்த தச்சுப் பிள்ளைகளுக்கு மரம் கிடைக்காமல் போகுமா என்றும் கேட்கிறார்.

வணிகக் கண்ணோடு பார்த்தால் இது முதலீட்டைப் பற்றிய பேச்சு. நிலம் வைத்திருப்பவன் நிலத்தை விட்டுப் போக முடியாது. பாணனின் முதலோ அவன் கையிலும் தோளிலும் இருக்கிறது. சுமக்கக்கூடிய கருவி என்பதால்தான் மன்னன் வாசலிலேயே நின்று 'போகிறோம்' என்று சொல்ல முடிந்தது. அந்தச் சொல்லுக்கு மதிப்பும் இருந்தது. எத்தனை நாள் போனாலும், எத்தனை பேரோடு போனாலும் முதல் நாள் போலவே வரவேற்பவன் அதியமான் என்று பாடுவதும் அதே ஔவையார்தான் (புறம் 101).

ஆனால் கருவி மட்டும் இருந்தால் போதுமா? தகடூரைச் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை புறம் 235. அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தையும் துளைத்துச் சென்றது என்கிறார். இனிப் பாடுபவரும் இல்லை, பாடுபவருக்குக் கொடுப்பவரும் இல்லையாம். எத்திசையும் சோறு உண்டு என்று சொன்ன அதே வாய்! கையில் கருவி இருக்கிறது, திறந்த கதவு இல்லை.

பிற்காலத்தில் யாழும் மறைந்தது. யாழில் பொதுவாக ஒரு நரம்புக்கு ஒரு சுரம். சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று யாழில் அடங்காததால் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழை முறிக்கவே ஓங்கினார் என்கிறது பெரியபுராணம். (அது நடந்த தருமபுரம் காரைக்கால் பக்கம். தருமபுரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒரே தந்தியில் பல சுரங்களைப் பிடிக்க முடிந்த வீணை அந்த இடத்துக்கு வந்தது.

மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947-ல் வெளிவந்தது. நம் காலத்தில் சென்னையில் தருண் சேகர் தம் 'உரு' பட்டறையில் யாழை மீண்டும் செய்து வாசித்துக் காட்டியிருக்கிறார்.

தருமபுரிக்கு அருகே அதியமான்கோட்டை என்ற ஊர் இன்றும் அந்த மன்னன் பெயரைச் சுமக்கிறது. சீறியாழோடு அவன் வாசலுக்கு வந்த பாணர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தவர்கள். அவர்கள் நடந்த வழியிலேயே இன்று யாராவது ஒரு மாணவன் குட்டி பேஸை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கலாம். அவனுக்கும் வேண்டியது அந்த இரண்டுதான்: சுமக்க முடிந்த ஒரு கருவி, போய்ச் சேர ஒரு திறந்த வாசல்.