திருக்கை மீனிலிருந்து காந்தச் சுருள் வரை

எங்கள் தெருவில் (அம்பத்தூர்) எட்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பெருமூளை வாதம், அதாவது செரிப்ரல் பால்சி. சுவரைப் பிடித்தால் நிற்பான், விட்டால் சாய்ந்துவிடுவான். போன வாரம் அவன் அம்மா, "தம்பி, தலையில கரண்ட் வச்சா பேலன்ஸ் வந்துடுமாமே, நெசமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தேன். அந்தக் கதைதான் இது.

மின்சார வைத்தியம் மிகப் பழைய ஆசை. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரி வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை வைக்கச் சொல்லியிருக்கிறார்!

பெருமூளை வாதம் பற்றிய ஆராய்ச்சி வெகு காலம் கழித்துத்தான் வந்தது. 1861-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், கடினமான பிரசவமே காரணம் என்றார். 1897-ல் அதைச் சந்தேகித்தவர் யார் தெரியுமா? கனவுகளுக்கு அர்த்தம் சொன்ன அதே சிக்மண்ட் ஃப்ராய்டு. கோளாறு கருவிலேயே தொடங்கியிருக்கலாம் என்பது அவர் வாதம்.

1985 முக்கியமான வருடம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர் தலைமேல் காந்தச் சுருளை வைத்து, மண்டையைத் திறக்காமலே மூளையைத் தூண்டிக் கையை அசைய வைத்தார்கள். அதே வருடம் நம்ம சென்னையில் பூனம் நடராஜன், இன்று 'வித்யா சாகர்' என்று அழைக்கப்படும் அமைப்பைத் தொடங்கினார். அவர் மகனுக்கும் இதே பாதிப்பு. அங்கே பயிற்சியும் பொறுமையும்தான் வழி.

இந்த இரண்டு பாதைகளும் பிறகு சந்தித்தன. 2000-ல் ஜெர்மனியின் நிட்ஷேயும் பவுலஸும், மிகக் குறைந்த நேர்மின்னோட்டமே மூளைச் செல்களின் தயார்நிலையை மாற்றும் என்று காட்டினார்கள். 2014-ல் பிரேசிலில் 24 குழந்தைகளை டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். பாதிப் பேருக்கு நடக்கும்போதே 1 மில்லி ஆம்பியர், 20 நிமிடம். மீதிப் பேருக்குப் பெயருக்கு மட்டும் கருவி. நிஜமாக மின்னோட்டம் பெற்றவர்களுக்குச் சமநிலை கூடுதலாக முன்னேறியது. 2016-ல் டெல்லி 'உடான்' அமைப்பினர், பயிற்சியோடு காந்தத் தூண்டலும் கொடுத்தபோது தசை இறுக்கம் குறைந்ததாக எழுதினார்கள்.

கவனியுங்கள்: எல்லா இடத்திலும் பயிற்சி இருந்தது. மின்சாரம் துணைக்குத்தான் வந்தது. ஆய்வுகளும் சிறியவை. வலிப்பு உள்ள குழந்தைக்குக் காந்தத் தூண்டல் ஆபத்தாகலாம். நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

அந்த அம்மாவிடம் இதையே சொன்னேன். "அப்போ பிசியோதெரபியை விடக்கூடாது, அவ்வளவுதானே?" என்றார். இரண்டாயிரம் வருடக் கதையை ஒரே வரியில் முடித்துவிட்டார்!