ஸ்பார்க் பிளக் இடைவெளி

ஸ்பார்க் பிளக்கின் நடுமுனைக்கும் அதன்மேல் வளைந்து நிற்கும் தரைமுனைக்கும் இடையிலான தூரம். மலேசியாவின் பூன் சியூ ஹோண்டா நிறுவனத்தின் பெயர்பெற்ற கப்சாய் (சிறு மோட்டார் சைக்கிள்) ஆன இஎக்ஸ்5-இன் கார்புரேட்டர் வகையில் இது 0.6–0.7 மி.மீ. ஓட ஓட முனை தேய்ந்து இடைவெளி அகலும்; பொறி தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டியிருப்பதால், முறுக்கும்போது எஞ்சின் விக்கும். மிகக் குறுகினாலோ பொறி சிறுத்து, நின்ற நிலை ஓட்டம் தடுமாறும். டர்போ எஞ்சினில் சிலிண்டர் அழுத்தம் அதிகம். அதனால் அங்கே இடைவெளியைக் குறைப்பதே முறை.

தரைமுனையை அரத்தால் ராவி, நடுமுனையைப் பாதி மட்டும் மூடுமாறு விடுவது பழைய பந்தயக்காரர் உத்தி. சுடர் தடையின்றிப் பரவும் என்பது கணக்கு. கூடும் குதிரைத்திறன் சொற்பம். முனைதான் சீக்கிரம் தேயும். இரிடியம் பிளக்கில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் நெம்பினால் மெல்லிய நுனி முறிந்துவிடலாம்.